கோதின் அடியில் ஒரு பெயர்

நம்மவர் இல்லங்களிற் பழைய பித்தளைச் செம்போ வெண்கலக் குத்துவிளக்கோ இல்லாத இல்லம் அரிது. அவற்றுள் ஒன்றை எடுத்துச் சற்றே திருப்பிப் பாருங்கள். கழுத்தின் ஓரத்திலே, புள்ளி புள்ளியாகச் சிற்றுளியாற் பொழிந்த ஒரு பெயர் தென்படும். அது பாட்டியாரின் பெயராக இருக்கலாம். சீதனமாகக் கொடுத்த தந்தையாரின் பெயராக இருக்கலாம். கோயிலுக்கு உபயஞ் செய்த ஒருவரின் பெயராகவும் இருக்கலாம். ஆனால், உருக்கி வார்த்து, தட்டிக் கடைந்து, அந்தச் செம்பைச் செம்பாக்கிய கன்னாரின் பெயரை அதிற் காணமாட்டீர்கள். உடையவர் ஒருவர், செய்தவர் வேறொருவர், இவ்விருவருக்கும் நடுவே கடையில் வைத்து விற்றவர் மூன்றாமவர். பொருளின் மேலே பெயர் ஒன்றுதான். அந்த ஒரு பெயர் இம்மூவருள் யாருடையது என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

இந்தக் கேள்வியை நாமும் நெடுங்காலம் கேட்டதில்லை. திருகோணமலையிலே பல ஆண்டுகளாக வரலாறு கற்பித்துவரும் எமக்கு, அதனைக் கேட்கக் கற்பித்தவன் எமது வகுப்பு மாணவன் ஒருவனே. அவன் கொண்டுவந்த இரண்டு பித்தளைத் துண்டுகளின் கதையை வாசகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

கைக்குட்டையில் வந்த பொருள்

ஒரு மாரிகாலக் காலையில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கைக்குட்டையிற் பொதிந்த இரண்டு பொருள்களை எமது மேசைமேல் வைத்தான். ஒன்று மெல்லியதாய், கழுத்துக் குறுகிய சிறு குப்பி போன்றது. மற்றது பெருவிரலிலும் பருத்தது. ஏறக்குறைய இரண்டரை அங்குல நீளம். நேரிய குழாய் வடிவம். அதன் வாயைப் பாலைமரத்திற் கடைந்த ஒரு மூடி அடைத்திருந்தது. உள்ளே காய்ந்து கல்லாகிவிட்ட வெள்ளைச் சுண்ணாம்பு.

இரண்டும் துவக்கு வெடித்தபின் எஞ்சும் வெற்றுக் கோதுகள் என்பது பார்த்த அளவிலே விளங்கிற்று. ஆயினும், கையில் எடுக்குமுன் நாம் பார்த்தவை இரண்டு. முனையிலே சன்னம் இருக்கின்றதா? அடியின் நடுவிலுள்ள கேப்பு ஊசி பட்டுக் குழிந்திருக்கின்றதா? சன்னம் இல்லை, கேப்பு குழிந்திருந்தது. வெடித்து ஓய்ந்த பொருள்தான் என்று தெளிந்தபின்னரே தொட்டோம்.

“இது ஜப்பான்காரன் சுட்ட ரவை, சேர். எங்கட பூட்டியின்ர ஐயா, குண்டு போட்ட அண்டைக்கு டொக்யாட்டிலை செத்தவர். அவரின்ர பெட்டிக்குள்ளை இருந்து எடுத்தது,” என்றான் சிறுவன்.

“இந்தப் பெரியது?”

“அதுவும் அந்தப் பெட்டிதான். பூட்டி அதைச் சுண்ணாம்புக் கரண்டகமா வைச்சிருக்கிறா. அதுவும் ஜப்பான் வெடி எண்டுதான் வீட்டிலை சொல்லுறவை.”

வகுப்பு அமைதியாயிற்று. திருகோணமலையிலே ‘குண்டு போட்ட அன்று’ என்றால் எந்த நாள் என்று எவரும் கேட்பதில்லை.

1942 ஏப்ரல் 9

இரண்டாம் உலகப் போரிலே, ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந் தாங்கிக் கப்பல்கள் ஐந்து இந்து சமுத்திரத்துட் புகுந்தன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, அவற்றின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள்கள் கழித்து, 9ஆம் நாட் காலையிலே, திருகோணமலைக்கு முறை வந்தது. கப்பற்பட்டறையும், சீனன்குடா விமானத் தளமும், துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. எண்ணெய்த் தாங்கி ஒன்றும் எரிந்தழிந்தது. துறைமுகத்திலே தீப்பற்றிய ‘சகாயிங்’ என்னும் வணிகக் கப்பல் நீண்ட காலம் நீருள்ளே கிடந்து, 2018ஆம் ஆண்டிலே இலங்கைக் கடற்படையினரால் மேலே கொணரப்பட்டது.

தாக்குதல் வரும் என்றறிந்து முந்திய இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந் தாங்கிக் கப்பலும் தப்பவில்லை. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே, அதே நாளில், முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகளுடன் அது மூழ்கிற்று.

கப்பல்களின் பெயர்களும் தளபதிகளின் பெயர்களும் நூல்களிலே உள்ளன. விடியற்காலையிற் பழஞ்சோறு உண்டு பட்டறைக்கு வேலைக்குப் போன கூலியாள்களின் பெயர்கள் அவ்வாறு நூலேறவில்லை. அவர்களுட் சிலருக்கு வீட்டிலே ஒரு பெட்டியும், பெட்டிக்குள்ளே ஒரு பித்தளைத் துண்டுமே எஞ்சின. ஆகையால், மாணவன் கொண்டுவந்த பொருளைப் பற்றி அவசரப்பட்டு ஒரு வார்த்தை சொல்வது தகாது. ஆயினும் நாம் அவசரப்பட்டோம்.

ஆசிரியர் தோற்ற இடம்

சிறிய கோதை உயர்த்திப் பிடித்து, “இது ஜப்பானியருடையதன்று. ‘திரீ நொட் திரீ’ எனப்படும் ஆங்கிலேயத் துவக்கின் கோது,” என்று வகுப்புக்கு விளக்கினோம். 1888ஆம் ஆண்டு முதல் பிரித்தானியப் படையினர் கையாண்ட அந்தத் துவக்கின் குழல் விட்டம் 0.303 அங்குலம். குறுகிய கழுத்தும் அடியிலே விளிம்பும் உடைய அதன் கோதைப் படங்களிற் பலமுறை கண்டிருந்தோம். ஐயத்துக்கு இடமில்லை என்பது எமது எண்ணம்.

மாணவன் சிறிது தயங்கினான். பிறகு எழுந்து நின்று, “சேர், ஜப்பான் கடற்படை விமானத்திலை பூட்டியிருந்த சின்ன மெசின்கன்னுக்கும் இதே அளவு ரவைதானாம்,” என்றான்.

அவன் சொன்னது முற்றிலும் உண்மை. ஜப்பானியக் கடற்படை தன் விமானங்களுக்கென ஆங்கிலேயரின் ‘விக்கேர்ஸ்’ இயந்திரத் துவக்கைப் பின்பற்றியே துவக்குகளைச் செய்துகொண்டது. துவக்கை எடுத்தபோது அதன் தோட்டாவையும் சேர்த்தே எடுத்தது. 0.303 அங்குலம் என்பதை மில்லிமீற்றரில் எழுதினால் 7.7. பெயர்தான் வேறு, வடிவம் ஒன்றே. அன்று சீனன்குடாவிலிருந்து எழுந்து எதிர்த்த பிரித்தானிய ‘ஹரிக்கேன்’ விமானங்களின் சிறகுகளிலும் 0.303 துவக்குகளே இருந்தன. தாக்கவந்தவனும் தடுக்கச் சென்றவனும் திருகோணமலை வானத்திலிருந்து ஒரே உருவான வெற்றுக் கோதுகளையே உதிர்த்தனர்.

வடிவத்தை மட்டும் பார்த்து நாடு சொல்லியது எமது பிழை. அதனை வகுப்பின் முன்னே ஒப்புக்கொண்டோம். மாணவனிடம் தோற்பது ஆசிரியனுக்கு இழுக்கன்று. ஆனால், வினா இன்னும் அப்படியே இருந்தது. கோது யாருடையது?

கல்வெட்டுப் படிப்பது போல

விடை அடியிலே இருந்தது. ஒவ்வொரு கோதின் அடிப்புறத்திலும், கேப்பைச் சுற்றி வட்டமாக, எழுத்துகளும் எண்களும் பதிக்கப்பட்டிருக்கும். அவை எப்படி அங்கு வருகின்றன என்பதை அறிந்தாற்றான் அவற்றின் பெறுமதி விளங்கும்.

தோட்டாப் பித்தளை என்பது நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த உலோகம். தகட்டிலிருந்து காசு போல வட்டமாக ஒரு வில்லையை வெட்டி, முதலிற் சிறு கிண்ணமாக அமுக்குவர். அந்தக் கிண்ணத்தை அச்சுக்குள் வைத்து அழுத்தி அழுத்தி நீட்டுவர். ஒவ்வொரு முறை நீட்டும்போதும் பித்தளை இறுகிப்போகும். ஆகவே, இடையிடையே சூடேற்றி இளக்குவர். நீண்டு குழாயான பின்னர், அடியைப் பேரழுத்தத்தோடு தட்டிச் சமப்படுத்துவர். அந்தத் தட்டிலேதான் எழுத்துகளும் விழுகின்றன. எனவே அவை தொழிற்சாலைக்குள்ளே, பொருள் உருவாகும்போதே, விழுந்த எழுத்துகள். விற்ற பிறகு கடைக்காரன் உளியெடுத்துச் செதுக்கியவை அல்ல.

கல்வெட்டு ஆராய்ச்சியாளர் ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி மைபூசிப் படியெடுப்பார்கள். நாமும் அவ்வாறே மெல்லிய தாளைக் கோதின் அடியில் வைத்து, பென்சிலால் இலேசாகத் தேய்த்தோம். புளியும் சாம்பலும் இட்டு விளக்கவேண்டாம் என்று மாணவர்களைத் தடுத்தோம். விளக்கினால் அழுக்கோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும்.

தாளிலே எழுந்தவை இவை: ‘கே’ என்னும் ஆங்கில எழுத்து; ஓர் அம்புக்குறி; ‘எஃப்’ என்னும் எழுத்து; 43 என்னும் எண்.

அம்புக்குறி, பிரித்தானிய அரசின் உடைமைக்கு இடப்படும் பழைய முத்திரை. ‘கே’ என்ற எழுத்து மட்டும் தனித்து நின்றிருந்தால் அது பேர்மிங்ஹாம் நகரத்துக் ‘கைனொக்’ தொழிற்சாலையைக் குறித்திருக்கும். அம்புக்குறியின் இருபுறமும் ‘கே’யும் ‘எஃப்’பும் நின்றால் அது வேறு: பூனா நகருக்கு அருகே கிர்க்கியில் 1869ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையின் குறி. 43 என்பது 1943.

ஆக, இந்தக் கோது ஜப்பானிலிருந்தும் வரவில்லை; இங்கிலாந்திலிருந்தும் வரவில்லை. நமக்கு அயலிலுள்ள இந்தியாவிலே செய்யப்பட்டது. அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. குண்டு விழுந்தது 1942 ஏப்ரலில். கோது பிறந்தது 1943இல். அன்றைய தினம் இந்தப் பித்தளை உலகத்திலேயே இல்லை.

மாணவனின் முகம் வாடிற்று. “அப்ப பூட்டி சொன்னது பொய்யா, சேர்?” என்றான். அந்த வினாவுக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. பெரிய கோதையும் படியெடுப்போம் என்று மட்டுஞ் சொன்னோம்.

கடையின் பெயர்

பெரிய கோதின் அடியிலே எழுத்துகள் தெளிவாக விழுந்திருந்தன: ‘ஆர்மி அன்ட் நேவி’, அதனையடுத்து ‘சி. எஸ். எல்.’; கீழே 12 என்னும் எண்.

மாணவர்கள் ஒரே குரலில், “தரைப்படை, கடற்படை! பட்டாளத்து வெடிதான்!” என்றனர். பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இது பட்டாளத்தின் பெயரன்று; ஒரு கடையின் பெயர்.

1871ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் படை அதிகாரிகள் சிலர், மதுவகைகளை மொத்தமாக வாங்கிக் குறைந்த விலைக்குப் பகிர்ந்துகொள்ளும் நோக்கத்தோடு கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். ‘சி. எஸ். எல்.’ என்னும் மூன்றெழுத்தும் ‘வரையறுத்த கூட்டுறவுச் சங்கம்’ என்பதன் சுருக்கமே. மறு ஆண்டு லண்டன் விக்ரோறியா வீதியிலே கடை திறந்தது. போத்தலிற் தொடங்கிய வியாபாரம், பொத்தானிலிருந்து கட்டில் வரைக்கும், கூடாரத்திலிருந்து துவக்கு வரைக்கும் விரிந்தது. தடித்த விலைப்பட்டியல் நூல்கள் குடியேற்ற நாடுகளெங்கும் சென்றன. 1891இல் பம்பாயிலும் 1901இல் கல்கத்தாவிலும் கிளைகள் எழுந்தன. கீழைத்தேயத்திற்கு உத்தியோகம் பார்க்க வந்த துரைமார், கப்பலேறுமுன் தம் பெட்டியை நிரப்பிய இடங்களுள் இதுவும் ஒன்று.

அக்கடையிலே துவக்கு வாங்கலாம். ஆனால் அக்கடை துவக்குச் செய்யவில்லை. அதன் பெயர் பொறித்த கைத்துவக்குகளுட் பல பேர்மிங்ஹாமிலுள்ள ‘வெப்லி’ தொழிற்சாலையில் உருவானவை. தோட்டாக்களும் அவ்வாறே. அக்காலத்துப் பிரித்தானியாவிலே ஊருக்கூர் இருந்த துவக்குக் கடைகளும் இரும்புச் சாமான் கடைகளும் தத்தம் பெயரிலே வேட்டைத் தோட்டா விற்றன. அவற்றுக்கான கோதுகளைப் பெரும்பாலும் இரண்டு தொழிற்சாலைகளே வழங்கின. ஒன்று, 1828ஆம் ஆண்டளவில் லண்டனிலே தொடங்கிய ‘ஈலி சகோதரர்’. மற்றது, 1862ஆம் ஆண்டு பேர்மிங்ஹாமை அடுத்த விற்றன் என்னுமிடத்தில் வேரூன்றிய ‘கைனொக்’. முதல் உலகப் போர் முடிந்த 1918இல் இரண்டும் ஒரே கூட்டுக் கம்பனிக்குள் இணைந்தன; 1926இல் அக்கூட்டு ‘இம்பீரியல் கெமிக்கல்’ என்னும் பெரும் நிறுவனத்துள் அடங்கிற்று. இரண்டு பெயர்கள் அதன் பின்னும் தோட்டாக்களிலே நிலைத்தன.

கடைக்காரன் தன் பெயரை இடுவித்த விதம் இரண்டு. கடதாசிக் குழாயும் பித்தளை அடியும் உடைய மலிவான தோட்டாக்களிலே, கடையின் பெயர் கடதாசியில் அச்சாகியிருக்கும்; பித்தளை அடியிலோ ‘ஈலி’ என்றோ ‘கைனொக்’ என்றோ செய்தவன் பெயர் இருக்கும். அடியைப் பார்த்தாற் போதும், உண்மை வெளியாகும். பெரிய கடைகளோ, கோது உருவாகும்போதே அடியிலும் தம் பெயரைத் தட்டித் தரும்படி தொழிற்சாலையைக் கேட்டன. அவ்விடத்திலே செய்தவன் மறைந்துபோகிறான். அவனைத் தேடுபவர்கள் எழுத்தின் வெட்டு, விளிம்பின் தடிப்பு, கேப்பு இருக்கும் பள்ளத்தின் அமைப்பு ஆகியவற்றை, செய்தவன் பெயருள்ள கோதுகளோடு வைத்து ஒப்பிடவேண்டும். எழுத்தாணியின் கீறலைக் கொண்டு ஏடெழுதியவரை இனங்காண்பது போன்ற வேலை அது.

கேப்பின் பள்ளத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. நடுவிலே ஒரேயொரு துவாரம் உள்ள அமைப்பைக் கண்டவர் பொக்சர் என்னும் ஆங்கிலேயக் கேர்ணல். இரண்டு சிறு துவாரங்கள் உள்ள அமைப்பைக் கண்டவர் பேர்டன் என்னும் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கர் ஆங்கிலேயனுடையதை எடுத்துக்கொண்டனர். ஆங்கிலேயப் படையோ தன் 0.303 தோட்டாவுக்கு அமெரிக்கனுடையதை ஏற்றது. பெயரை வைத்து நாட்டை ஊகிப்பவர் இங்கேயும் ஏமாறுவர்.

இனி, 12 என்னும் எண். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அதுவே பன்னிரண்டாம் இலக்கக் குழல். அது வேட்டைத் துவக்கின் அளவு. மானும் பன்றியும் காட்டுக்கோழியும் சுடுவதற்குரியது, விமானத்திலே பூட்டுவதற்குரியதன்று.

காலமும் தெளிவாயிற்று. 1934ஆம் ஆண்டிலே அக்கடை கூட்டுறவுச் சங்கம் என்னும் பெயரை விட்டு, ‘ஆர்மி அன்ட் நேவி ஸ்ரோர்ஸ்’ ஆயிற்று. எனவே, ‘சி. எஸ். எல்.’ என்று பொறித்த கோது அதற்கு முற்பட்டது. கந்தளாய்க் காட்டிலும் தம்பலகாமத்துக் குளக்கரைகளிலும் யானைகளைச் சுட்டுக் குவித்த சாமுவேல் பேக்கர் போன்ற பழைய வேட்டைக்காரரின் காலத்ததுமன்று. அவர் இலங்கையில் வாழ்ந்தது 1846 முதல் 1855 வரை. அந்நாளிலே நம்மூர் இடியன் துவக்கைப் போலக் குழலின் வாய்வழியே மருந்திட்டுக் கிட்டிப்பதே வழக்கம். பித்தளைக் கோது இல்லை.

விற்றவன் ஒருவன், செய்தவன் ஒருவன்

இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி என்று எவரும் எண்ணவேண்டாம். நம் வரலாற்றிலே அறிமுகமான இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுகின்றோம்.

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், மணியாச்சிச் சந்திப்பிலே வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட கைத்துவக்கு ‘பிரவுணிங்’. பிரவுணிங் ஓர் அமெரிக்கர், துவக்கை வகுத்தவர். ஆனால் அதனைச் செய்தது பெல்ஜியம் நாட்டுத் தொழிற்சாலை. பெயர் ஒரு கண்டம். பிறப்பு மற்றொரு கண்டம்.

1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள், கல்கத்தாவிலே ‘ரொடா’ என்னும் ஆயுத வியாபாரக் கம்பனிக்கு வந்த பெட்டிகளுட் பத்து, மாட்டுவண்டியேறி மறைந்தன. கம்பனியின் எழுதுவினைஞரே புரட்சியாளருக்குத் துணைநின்றார். ஐம்பது ‘மவுசர்’ கைத்துவக்குகளும் 46,000 ரவைகளும் அவற்றுள் இருந்தன. வரலாறு அதனை ‘ரொடா’ என்ற பெயராலேயே அறியும். ரொடா விற்றவர், செய்தது ஜேர்மனியின் மவுசர் தொழிற்சாலை. ஒவ்வொரு துவக்கிலும் தொழிற்சாலை இட்ட இலக்கம் இருந்தது. கம்பனியின் பதிவேட்டிலும் அவ்விலக்கங்கள் இருந்தன. அதனாலேயே பின்னர் வங்காளத்தில் நிகழ்ந்த ஐம்பத்து நான்கு சம்பவங்களை இந்தத் துவக்குகளோடு தொடர்புபடுத்தி 1918ஆம் ஆண்டு ரௌலட் குழுவின் அறிக்கை எழுத முடிந்தது. உலோகத்தில் விழுந்த சிறு குறி மனிதரின் தலைவிதியைத் தீர்க்க வல்லது.

பித்தளையே பேசிய வேறொரு கதையும் உண்டு. இந்தியாவிலே பிரித்தானியப் படையினர் சேமித்து வைத்த தோட்டாக்களின் கோதுகள், மழைக்காலத்தில் எவரும் தொடாமலே வெடிப்பு விட்டன. பருவத்தோடு வருவதால் அதனைப் ‘பருவ வெடிப்பு’ என்றனர். காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 1921ஆம் ஆண்டிலே மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் வெளியிட்ட ஆராய்ச்சி அதனைத் துலக்கிற்று. தோட்டாக்கள் குதிரை லாயங்களை அடுத்து வைக்கப்பட்டிருந்தன; குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா ஆவி, ஈரக் காற்றோடு சேர்ந்து, நீட்டி நீட்டி இறுகிய பித்தளையின் உள்ளிழுவிசையை வாயிலாகக் கொண்டு பிளந்தது. கோதைச் செய்தபின் மிதமாகச் சூடேற்றி அந்த இழுவிசையைத் தணித்ததும் நோய் தீர்ந்தது. வெளியே வழுவழுப்பாக இருக்கும் பொருளுக்குள்ளும் ஓர் இறுக்கம் உறைந்திருக்கலாம்; காலம் வரும்போது அது வெடிக்கும். மனிதருக்கும் இது பொருந்தும் என்று மாணவி ஒருத்தி கூறினாள். வகுப்பு சிரித்தது, நாம் சிரிக்கவில்லை.

பூட்டியின் வாக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாணவனின் இல்லத்துக்குச் சென்றோம். பூட்டியார் தொண்ணூறைக் கடந்தவர். பார்வை மங்கினாலும் பேச்சு மங்கவில்லை. குண்டு விழுந்தபோது அவருக்கு வயது எட்டு.

எப்படித் தொடங்குவது என்று நாம் தயங்கிக்கொண்டிருக்க, மாணவனே இரண்டு கோதுகளையும் அவர் மடியிலே வைத்தான். “பூட்டி, சேர் சொல்லுறார், இந்தச் சின்னன் குண்டு போட்ட பிறகு செய்ததாம்,” என்றான்.

முதியவர் அதனை விரலாலே தடவிப் பார்த்தார். “ஓம், அது தம்பி ரேஞ்சுக்கை பொறுக்கிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் நிறைஞ்சு கிடந்த காலம். நான் எப்பவடா அதை ஜப்பான் வெடி எண்டு சொன்னனான்? நீங்கள்தான் சொன்னியள்,” என்றார்.

பிறகு பெரிய கோதைக் கையிலெடுத்து மூடியைத் திறந்தார். “இதுதான் ஐயாவின்ர. துரை ஒருத்தரோடை கந்தளாய்க் காட்டுக்கு வேட்டைக்கு வழிகாட்டப் போறவர். துரை எறிஞ்சதை எடுத்து, மூடி கடைஞ்சு, கரண்டகமாக்கினவர். ஒரு நாளும் இடுப்பை விட்டு இறக்கமாட்டார். குண்டு போட்ட அண்டைக்கு மட்டும் மறந்து வீட்டிலை விட்டிட்டுப் போட்டார்.”

எவரும் பேசவில்லை. அன்று அவர் மறவாமற் கொண்டுசென்ற எதுவும் வீடு திரும்பவில்லை. மறந்து வைத்த ஒன்றே எஞ்சிற்று.

பூட்டியார் பொய் சொல்லவில்லை. பெட்டி ஒன்றாக இருந்தபடியாற் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இரண்டு கோதுகளையும் ஒரு கதைக்குள் வைத்துக் கட்டிவிட்டனர். அடியிலிருந்த எழுத்துகள் அந்தக் கட்டை அவிழ்த்தன. அவிழ்த்தபோது கதை குறையவில்லை. ஜப்பானியரின் ரவை என்று பேணப்பட்ட பொருளிலும், தந்தை வெற்றிலை போடும்போது விரலாற் தொட்ட கரண்டகம் அம்மகளுக்கு மேலானதன்றோ!

சிறிய கோதைக் கல்லூரிக்கென்று தந்தார். பெரியதைக் கேட்க எமக்கு மனம் வரவில்லை. அவரும் தருவதாகச் சொல்லவில்லை. அடியின் பென்சிற் படி மட்டும் எமது வகுப்பிலே உள்ளது. அதன் கீழே மாணவர்கள் மூன்று வரி எழுதியுள்ளனர். செய்தது: பிரித்தானியத் தொழிற்சாலை, ஈலி அல்லது கைனொக் என்பது எமது ஊகம். விற்றது: ஆர்மி அன்ட் நேவி கூட்டுறவுச் சங்கம், 1934க்கு முன். வைத்திருந்தவர்: திருகோணமலைக் கப்பற்பட்டறைத் தொழிலாளி ஒருவர், 1942 ஏப்ரல் 9 வரை.

இளைஞர்க்கு ஒரு சொல்

நமது மாவட்டத்திலே இரண்டு போர்களின் எச்சங்கள் மண்ணுள்ளே கிடக்கின்றன. ஒன்று உலகப் போர். மற்றது 2009ஆம் ஆண்டு வரை நம்மை வாட்டிய உள்நாட்டுப் போர். மழை மண்ணை அரிக்கும்போது அவை வெளியே வரும். சன்னம் கழலாத ரவையையோ, இன்னதென்று தெரியாத உலோகத்தையோ கண்டால், தொடவேண்டாம், விளக்கவேண்டாம், பித்தளை விலைக்கு ஆசைப்பட்டுத் தட்டவும் வேண்டாம். கண்ட இடத்திலே ஓர் அடையாளம் வைத்து, பெரியவர்களுக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள். உரிமமின்றி ரவை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஆராய்ச்சி உயிரோடு இருப்பவர் செய்யும் வேலை.

மற்றும், இந்தப் பாடத்தைப் படிக்கக் கோதுதான் வேண்டும் என்பதில்லை. கோணேசர் மலைக்கு ஏறும் வழியிலே பிரெட்றிக் கோட்டை வாயிலைக் கடக்கும்போது சற்று நின்று பாருங்கள். அக்கோட்டைக்கு 1803ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் தம் இளவரசர் ஒருவரின் பெயரைச் சூட்டினர். ஆனால் அவ்விடத்திலே முதலிற் கோட்டை எழுப்பியவர் போர்த்துக்கேயர். அவர்களும் கல்லை வேறெங்கிருந்தோ கொண்டுவரவில்லை. 1624ஆம் ஆண்டு தாம் இடித்த கோணேசர் ஆலயத்தின் கற்களையே அடுக்கினர். வாயிற் கல்லிலே மீன் வடிவமும் தமிழ் எழுத்தும் இன்றும் நின்று, தாம் யாருடையவை என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. பெயரிட்டவர் ஒருவர், கட்டியவர் ஒருவர், கல் கொடுத்த தெய்வத்தின் வீடு முற்றும் வேறு.

ஆகவே, எப்பொருளிலும் ஒரு பெயரைக் கண்டால், இது செய்தவன் பெயரா, விற்றவன் பெயரா, வைத்திருந்தவன் பெயரா என்று கேளுங்கள். முதலில், உங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பிலிருந்தே தொடங்கலாம். அதனைச் செய்த கன்னாரின் ஊரையாவது அறிந்து சொல்லக்கூடிய முதியவர் ஒருவர் இன்னும் வீட்டிலே இருப்பாராயின், இன்று மாலையே அவரிடம் கேட்டுவிடுங்கள்.